தொட்ட காய்

பெரியப்பாவோடு செஸ் ஆட உட்காருகிறவர்கள் முதலில் கையைக் கட்டிக்கொள்ளப் பழக வேண்டும். யோசிக்கிறேன் பேர்வழி என்று குதிரையின் தலையில் விரலை வைத்துவிட்டால் அவ்வளவுதான். "தொட்டாச்சுல்ல? நகத்துங்க" என்பார். அந்தக் குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும் என்று எதிராளி கெஞ்சினாலும் விடமாட்டார். பெரிய போட்டிகளில் அது சட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திராட்சைப் பந்தலுக்குள், பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பிளாஸ்டிக் காய்களை வைத்து ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்கு அந்தச் சட்டம் என்று உரக்கடைக்காரர் எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறார்.

"பந்தல்ல ஆடுனா என்னய்யா, பாராளுமன்றத்துல ஆடுனா என்ன? ஆட்டம்னா ஆட்டம்" என்பதுதான் பதில்.

தனக்கு ஒரு நியாயம், அடுத்தவனுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டவரில்லை. ஒருமுறை அவருடைய துண்டின் நுனி ராணிமேல் பட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. அவராகவே "தொட்டுட்டேன்" என்று சொல்லி, ராணியைக் கொண்டுபோய் உரக்கடைக்காரரின் யானைக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் தோற்றார். அன்றைக்கு அவர் முகத்தில் ஜெயித்தவரின் களை இருந்தது.

அவர் எனக்குச் சொந்தப் பெரியப்பா இல்லை. அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். இரண்டு குடும்பமும் ஒரே கத்தோலிக்கக் கோயிலில் பூசை பார்த்தவர்கள், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர்கள். அதனால் நான் அவரைப் பெரியப்பா என்றும், அவர் என்னை ஆத்தா என்றும் கூப்பிட்டு வந்தோம். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பந்தலை இப்போது வேறொருவர் குத்தகைக்குப் பார்க்கிறார்.

அவருடைய பிடிவாதத்தைப் பற்றி ஊரில் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். நானும் சிரித்தவள்தான். பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்காரர் ஏதோ ஒரு பேச்சில், "ஒங்களுக்கு விட்டுக்கொடுக்கவே தெரியாது" என்று சொல்லிவிட்டார். "அப்ப இனி ஒங் கடையில டீ குடிக்க மாட்டேன்" என்று இவர் எழுந்து வந்தார். பிறகு இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள். தினமும் காலையில் அந்தக் கடை வாசலில் நின்றுதான் பேப்பர் படிப்பார், ஊர்க்கதை பேசுவார், கல்லாவில் ஆளில்லாவிட்டால் சில்லறைகூட எடுத்துக் கொடுப்பார். டீ மட்டும் குடிக்க மாட்டார். அதற்கு அரை மைல் தள்ளி இருக்கிற இன்னொரு கடைக்குப் போவார். அங்கே டீ வாயில் வைக்கச் சகிக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வியாபாரத்திலும் அதே கதைதான். குமுளியிலிருந்து வரும் வியாபாரியிடம் வாயால் ஒரு விலை சொல்லிவிட்டால், மறுநாள் மழை வந்து விலை ஏறினாலும் சொன்ன விலைக்கே வெட்டிக் கொடுப்பார். வியாபாரிகள் அவரைக் கும்பிடுவார்கள். வீட்டில் பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கோபத்தில் அவர் "இன்னிக்கு எனக்குச் சோறு வேணாம்" என்று சொல்லிவிட்டால், பெரியம்மா கெஞ்ச மாட்டார்கள். தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அவர் முன்னால் வைத்துவிட்டு, "நீங்க ஒண்ணும் சாப்பிட வேணாம். ஈ மொய்க்காமப் பாத்துக்கங்க, நான் தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன்" என்று போய்விடுவார்கள். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவர் சொன்ன சொல்லும் உடையாது, வயிறும் காயாது. அப்படி ஒரு வழி பண்ணிக் கொடுக்க அந்த வீட்டில் அந்த ஒரு ஆள்தான் இருந்தார்கள்.

மகன் ஒருவன். எனக்கு மூன்று வயது இளையவன். பத்து வயதில் அப்பாவோடு ஆடும்போது தெரியாமல் யானையைத் தொட்டுவிட்டு, அழுதுகொண்டே அதை நகர்த்தித் தோற்றதை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பா அவனைச் சமாதானப்படுத்தவில்லை. மறுநாள் அவருடைய முழங்கை பட்டு ஒரு மந்திரி ஆடியது. "அப்பா, தொட்டுட்டீக" என்று அவன் கத்தினான். அவர் மந்திரியைப் பலிகொடுத்துவிட்டு, பந்தல் அதிரச் சிரித்தார். எம்புள்ள என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை படித்து அயர்லாந்துக்கு வேலைக்குப் போனான். போன இடத்தில் வேலை அனுமதிக் காகிதத்தைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த சமயத்தில் பெரியம்மா திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பி உள்ளே போக முடியாது. வந்தால் வேலை போகும் என்று அவன் போனில் அழுதான். சவப்பெட்டி வாசலில் இருக்க, ஊர் மொத்தமும் கேட்க, பெரியப்பா போனில் சொன்னார்:

"ஒங்காத்தாளுக்கு மண்ணு போட வராதவன் எனக்கும் போட வர வேணாம். இனி இங்கன போன் அடிக்காத."

துக்கத்தில் ஆயிரம் பேசுவோம். பதினாறாம் நாள் கழிந்தால் எல்லாம் கரைந்துவிடும். ஆனால் இவர் காயைத் தொட்டுவிட்டார். அவனும் இவருக்குப் பிறந்தவன். அன்றோடு போன் நின்றது. தட்டை முன்னால் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போக அந்த வீட்டில் யாரும் இல்லை.

இப்படியே இரண்டு வருடம் போனது. எனக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறேன். வாடிக்கையாளர்களின் தகவல்களை ஏஐ உதவியாளரோடு இணைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஒருநாள் மத்தியானம் பெரியப்பா வந்து, போனை என் முன்னால் நீட்டினார். செஸ் ஆடுகிற தளம் ஒன்று திறந்திருந்தது. அதில் யாரோ ஒருவரின் ஆட்டங்கள் வரிசையாக இருந்தன.

"ஆத்தா, நீ அந்த ஏஐகிட்டத்தான பேசிக்கிட்டுக் கெடக்க? இந்த ஆட்டக்காரன் எப்பிடி ஆடுறான்னு அது பாத்துச் சொல்லுமா?"

"யாரு பெரியப்பா இது?"

"ஒரு ஆட்டக்காரன்."

அந்தப் பெயரில் பாதி பெரியம்மாவின் பெயர். யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று தெரியும். அதனால் ஆட்டக்காரனாகவே வைத்துக்கொண்டேன்.

அந்தத் தளம், ஆடியவர்களின் ஆட்டங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்கிறது. எப்போது ஆடினார், ஒவ்வொரு காயையும் நகர்த்த எவ்வளவு யோசித்தார் என்பதுகூட இருக்கும். ஏஐ தானே அங்கே போய் அதையெல்லாம் எடுத்துப் படிக்கும்படி நடுவில் ஒரு சின்ன இணைப்பை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன், சாயங்காலத்துக்குள் இணைப்பு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. என் கம்பெனி வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

ஏஐ சொன்னதை நான் வாசிக்க வாசிக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இந்த ஆட்டக்காரர் தொடக்கத்தில் நிதானமாக இருக்கிறார். நடு ஆட்டத்தில் அவசரப்படுகிறார். வாரநாள்களில் வேலை நேரத்துக்குப் பிறகே ஆடுகிறார். சமநிலையில் இருக்கும் ஆட்டங்களையும் சில நேரம் பாதியில் ஒப்புக்கொடுத்துவிடுகிறார்."

"இது என்னத்தா, ஆயர் கடுதாசி வாசிக்கிற மாதிரியில்ல பேசுது" என்று சிரித்தார். பிறகு, "தோக்காத ஆட்டத்த எதுக்கு விட்டுட்டுப் போறான்? அதக் கேளு" என்றார்.

கேட்டேன். களைப்பு, கவனக்குறைவு, வேறு வேலை, எதுவாகவும் இருக்கலாம், ஆட்டங்களை வைத்துச் சொல்ல முடியாது என்றது.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது வருவார். வரும்போது ஒரு கொத்துத் திராட்சை இருக்கும். கேள்விகள் மெல்ல மெல்ல செஸ்ஸை விட்டு விலகின. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்? ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் ஆடுகிறானா? ஒருநாள், "சாப்பாடு கீப்பாடு ஒழுங்கா இருக்குமா, அதக் கேளு" என்றார். அதையும் அப்படியே கேட்டேன். அதை ஆட்டத்திலிருந்து அறிய முடியாது என்று ஏஐ மரியாதையாகச் சொன்னது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஒரு கார்த்திகை மாதம் போல, ஏஐ சொன்ன செய்தி மாறியது. அந்த ஆட்டக்காரர் இப்போது பகல் நேரத்திலும் ஆடுகிறார். ஆட்டங்கள் பல மடங்கு கூடியிருக்கின்றன. இடையிடையே சில நாள்கள் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆடும் நாள்களில் மிகக் கவனமாக ஆடுகிறார், அவசரம் போய்விட்டது, எதையும் பாதியில் விடுவதில்லை, ரேட்டிங் இதுவரை தொடாத உயரத்தில் இருக்கிறது.

பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "தெளிஞ்சுட்டான்" என்றார். "ஆளு தெளிஞ்சுட்டான் ஆத்தா. நல்ல உத்தியோகமா மாறிட்டான் போல. பகல்ல ஆட விடுறாகன்னா பெரிய எடமாத்தான் இருக்கும். இருந்து இருந்து ரெண்டு நாளு காணோம்ல, அது ஊர் சுத்திப் பாக்கப் போயிருப்பான்."

திரையில் இன்னும் ஒரு வரி இருந்தது. நான் வாசித்தேன். "இந்த மாற்றத்துக்கான காரணம் ஆட்டங்களில் இல்லை. அவரை அறிந்த ஒருவர் அவரிடமே கேட்பது நல்லது."

"அத விட்டுட்டு மத்ததப் படி."

எனக்குக் கோபம் வந்தது. "மிசினுக்கு இருக்குற புத்திகூட ஒங்களுக்கு இல்லையா பெரியப்பா? ஒரு போன் போட்டா என்ன? நான் போடட்டுமா?"

"நீ போட்டா ஒன் வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

டீக்கடை எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னால் செய்வார். இங்கே வருவதும் நின்றுவிட்டால் அவருக்கு அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் தெருவில் இருந்த எல்லா வீட்டுக்கும் திராட்சை போனது. என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், பழம் வீணாகப் போகுது, தின்னுங்க என்றாராம். உரக்கடைக்காரரிடம் ஒரு ஆட்டம் வேண்டுமென்றே தோற்றார் என்றுகூடப் பேச்சு.

பனி விலகி மேகமலை தெளிவாகத் தெரிய ஆரம்பித்த நாள்களில் ஆட்டங்கள் நின்றன. வந்து கேட்டார். புதிய ஆட்டம் எதுவும் இல்லை என்றது ஏஐ. மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். "ஊருக்குப் போயிருப்பான்" என்று அவராகவே சொல்லிக்கொண்டார். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, பந்தலில் மருந்தடித்துவிட்டு அந்த வாடையோடு வந்து உட்கார்ந்தார்.

"கடைசியா ஆடுன ஆட்டத்த எடு. எப்பிடி முடிச்சான்?"

ஏஐ எடுத்துச் சொன்னது. வெள்ளைக் காய்களுடன் ஆடினார். தெளிவாக வெல்லும் நிலை. எதிராளியிடம் ராணி இல்லை. அந்த இடத்தில் நகர்த்துவது நின்றுவிட்டது. நேரம் முழுவதும் ஓடி முடிந்து, நேரத்தால் தோற்றதாக ஆட்டம் முடிந்திருக்கிறது.

"கையில எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"நெறைய இருந்துச்சு பெரியப்பா."

அவர் வெளியே முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவரே அந்த எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். என்னிடம் கொடுக்கவில்லை. வாழ்நாளில் முதன்முதலாக வைத்த காயை எடுக்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்கள். அவன் குரல் இல்லை. "ஆராணு?" என்று ஒரு மலையாளக் குரல் கேட்டது. பெரியப்பா குமுளி வியாபாரிகளோடு பேசிப் பழகிய மலையாளத்தில், "ஞான் அவன்டெ அப்பனாணு" என்றார். உடனே அந்தப் பையன் அழ ஆரம்பித்தான்.

அவன் பெரியப்பா மகனோடு அயர்லாந்தில் ஒரே வீட்டில் இருந்தவன். அவன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். இரத்தப் புற்று. ஐப்பசியிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மகன் முந்தின நாள் காலையில் போய்விட்டான். வீட்டு எண் யாரிடமும் இல்லை, அவன் போனைத் திறக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குச் சொல்லட்டுமான்னு எத்தனையோ தடவ கேட்டேன், அப்பா. போன் பண்ண வேணாம்னு அப்பா சொல்லியிருக்காரு, அவரு கூப்பிட்டாத்தான் பேசுவேன்னான். ஆனா நீங்க ஆட்டத்தப் பாக்குறது அவனுக்குத் தெரியும்."

பெரியப்பா நிமிர்ந்தார். அந்தத் தளத்தில் ஒருவரைப் பின்தொடர்ந்தால், யார் பின்தொடர்கிறார்கள் என்று அவருக்குக் காட்டிவிடும். பெரியப்பாவுக்கு அது தெரியாது. அவரோ அவனைப் பின்தொடர்ந்த தன் கணக்குக்கு ஊர்ப் பெயரையே வைத்திருந்தார்.

"மருந்து ஏத்துற நாள்ல தொடவே மாட்டான். தலை தெளிஞ்ச நாள்லதான் ஆடுவான். ஒவ்வொரு காயையும் அவ்வளவு யோசிப்பான். என்னத்துக்குடா இந்தப் பாடுன்னு கேட்டா, மோசமா ஆடுனா அப்பா கண்டுபிடிச்சுருவாரு, நல்லா ஆடுனா நிம்மதியா இருப்பாருன்னு சொல்வான். கடைசி ஆட்டத்து நடுவுலதான் மயங்கிட்டான்."

பெரியப்பா போனை மேசைமேல் வைத்தார். அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது. நான்தான் எடுத்து மீதியைக் கேட்டேன்.

கொச்சியில் வந்து இறங்கி, குமுளி மலையிறங்கி, பெட்டி ஊருக்கு வந்தது. பெரியம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். பெரியப்பா கையால் மண் அள்ளிப் போட்டார். ஒரு பிடி போட்டவர் நிறுத்தவில்லை, போட்டுக்கொண்டே இருந்தார். சாமியார் வந்து கையைப் பிடித்த பிறகுதான் விட்டார். டீக்கடைக்காரர் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்து ஊரே அழுதது.

பிறகு அவர் யாரோடும் செஸ் ஆடவில்லை. உரக்கடைக்காரர் பந்தலில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். என் வீட்டுக்கும் வரவில்லை. நானும் அந்த இணைப்பைத் திறக்கவில்லை.

தவக்காலத்தில் ஒரு சாயங்காலம் வந்தார். நான் காபி போட எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதத் தொற ஆத்தா."

"எதுக்கு பெரியப்பா?"

"ஒண்ணு எழுதணும்."

திறந்தேன். அவனுடைய பெயர் அப்படியே மேலே இருந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்கு ஒங்காத்தா கெடந்தப்ப ஒன்னியச் சொன்னத நான் திருப்பி எடுத்துக்கிட்டேன்யா. நீ போன் போடலாம். எப்ப வேணாலும் வரலாம். இப்பிடியே எழுது."

அவர் சொன்னதை ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் எழுதினேன்.

"என்ன சொல்லுது?"

வாசித்தேன். "நீங்கள் இதை உங்கள் மகனிடம் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதை அவரிடம் சேர்க்க எனக்கு எந்த வழியும் இல்லை. என்னை மன்னியுங்கள்."

"சேக்க முடியாதுன்னு தெரியும் ஆத்தா" என்றார் பெரியப்பா. "வாயில வருதான்னு பாத்தேன். வருது."